வீட்டு அபாயக் கழிவுகளைத் தெரு அளவில் சேகரித்து ஒப்படைப்பது எப்படி? எங்கள் அனுபவமும் சில கேள்விகளும்

மூன்றாம் தளம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் 48 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மா, ஒரு மட்காத குப்பைப் பையை வண்டியின் ஓரத்தில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவர் அணிந்திருந்தது துணிக் கையுறை. அதன் நடுவிரல் நுனியில் மிளகளவு சிவப்பு ஊறியிருந்தது. பையைக் கொட்டிப் பார்த்தபோது பிஸ்கட் உறைகளுக்கும் பால் கவர்களுக்கும் நடுவில் மூடியில்லாத நான்கு இன்சுலின் ஊசிகள் கிடந்தன. அந்த அம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த பையை எடுக்கப் போனார். அவரைத் தடுத்து, சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பரிசோதனைகள் நடந்து வருகின்றன, நலமாக இருக்கிறார்.

அந்த ஊசிகள் எந்த வீட்டினுடையவை என்று நாங்கள் தேடவில்லை. எங்கள் வீட்டிலும் என் தந்தையார் எட்டு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார், நாங்களும் அதுவரை ஊசியைக் காகிதத்தில் சுற்றி அதே பையில்தான் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதைச் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுந்து சொன்னவன் நான்தான். சொன்ன பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருவர் வீட்டுப் பரணில் ஆறு பழைய டியூப் லைட்டுகள். இன்னொருவர் வீட்டில், மறைந்த மாமியாருடைய மருந்துப் பெட்டி தொடப்படாமல் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. எலி மருந்து, பாதி தீர்ந்த தின்னர், உப்பிப் போன கைப்பேசி பேட்டரி என்று பட்டியல் நீண்டது. எதை எங்கே போடுவது என்று தெரியாமல்தான் இத்தனையும் வீட்டுக்குள் கிடக்கின்றன. தாங்க முடியாத நாளில் எல்லாம் ஒரே பையில் போய்விடுகின்றன.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சேகரிப்பு நாள் வைத்து, இவற்றைத் தனித்தனியாகப் பெற்று, உரிய இடத்தில் ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். உரிய இடம் எது, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஆய்வாளர்

நான் ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். செயலாளர் ஐயாவின் முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது, அது பரவலாகத் தெரியாததுதான் வருத்தம்.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மட்கும் குப்பை, மட்காத குப்பை என்ற இரண்டையும் எல்லோரும் அறிவோம். மூன்றாவதுதான் வீட்டு அபாயக் கழிவு. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல். பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, தீர்ந்த பேட்டரி, பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு என்று விதியே பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. இவற்றைப் பொதுமக்கள் கொண்டுவந்து ஒப்படைப்பதற்காக, 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளாட்சி அமைப்பு மையங்களை ஏற்படுத்தி, எந்த நேரத்தில் வாங்கப்படும் என்பதையும் அறிவிக்க வேண்டும் என்று அந்த விதிகள் கூறின. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்கின்படி 22 மையங்கள் இருக்க வேண்டும். உங்கள் மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதும்போது இந்தக் கணக்கைக் குறிப்பிடுங்கள். பொதுவாகக் கோரிக்கை வைப்பதைவிட, விதியையும் எண்ணையும் எழுதிக் கேட்கும் மனுவுக்குப் பதில் வரும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் பிரிவினையை நான்காக்கியிருக்கின்றன. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு ஆகியவற்றுடன் நான்காவதாகத் தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று ஒன்று உள்ளது. நாப்கின், டயப்பர் போன்றவை சுகாதாரக் கழிவில் அடங்கும். நீங்கள் பட்டியலிட்டவை நான்காவதில் வரும். இவற்றை அனுமதி பெற்ற அமைப்பு வந்து எடுக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட மையத்தில் நாம் சேர்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு இவை எங்கே போகும் என்று நீங்கள் கேட்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளைக் கையாளும் நிலையம் இருக்கிறது. அடியில் கசிவுத் தடுப்பு விரிப்புகள் இட்ட நிலநிரப்பு அங்கே உண்டு. தீபாவளி மறுநாள் சென்னைத் தெருக்களில் பட்டாசுக் குப்பையைத் தனியாக வாரிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளுக்குப் போவதில்லை, கும்மிடிப்பூண்டிக்குத்தான் போகிறது. பட்டாசுத் தாளில் உள்ள ரசாயனத்துக்காக ஆண்டுக்கு ஒரு முறை 15 மண்டலங்களிலும் இதைச் செய்ய முடிகிறது. அப்படியானால் வண்டியும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. மற்ற நாட்களில் அந்த வழியில் வைப்பதற்கு நம்மிடம் பிரித்த பொருள் இல்லை என்பதே என் பணிக்காலம் முழுவதும் நான் கண்ட குறை.

கணக்குப்பிள்ளை

நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நம் ஊரில் காயலான் கடை என்ற ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து, எந்த அரசுத் திட்டமும் இல்லாமலேயே இந்த நாட்டின் உலோகமும் காகிதமும் கண்ணாடியும் மறுசுழற்சிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பேட்டரி, பல்பு, பெயிண்ட் டப்பா அனைத்தையும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், நமக்கும் நாலு காசு கிடைக்கிறது. இதற்கென்று தனிநாள், தனிப்பெட்டி, தொண்டர் குழு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, ஆறு மாதத்தில் ஆள் இல்லாமல் நிறுத்துவதற்குப் பதிலாக, இருக்கும் ஏற்பாட்டையே பயன்படுத்தினால் என்ன?

கோடை மழை

நான் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவன். காயலான் கடை போதும் என்று ஐயா எழுதியதற்கு எங்கள் ஊரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் 1980-களில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிக்கொண்டிருந்த ஆலையின் இயந்திரங்கள் அப்படியே இங்கே கொண்டுவரப்பட்டன. 2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி சாக்கு சாக்காகக் கிடப்பதை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 7.4 டன். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கும் நெருக்கடியான இடம் அது. ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் மாசுபட்ட பொருள்கள் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பாம்பார்ச் சோலையை ஒட்டிய அந்த மண்ணைச் சுத்தப்படுத்தும் வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது.

அந்தக் கடைக்காரர் என்ன தவறு செய்தார்? கண்ணாடி என்று சொல்லி விற்றார்கள், கண்ணாடி என்று வாங்கிக் கடையில் குவித்தார். எடை போடத்தான் அவருக்குத் தெரியும். கண்ணாடியில் ஒட்டியிருப்பது ஆவியாகி மூச்சில் ஏறும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் காயலான் கடைக்காரர்களை மதிப்பவன், அவர்கள் இல்லையென்றால் நம் ஊர்கள் குப்பையில் மூழ்கியிருக்கும். அதனால்தான் அவர்கள் கையில் இதைக் கொடுக்கக் கூடாது என்கிறேன். இரும்பையும் தாளையும் தாராளமாகக் கொடுங்கள். விலை கிடைக்காத நஞ்சை அவர் என்ன செய்வார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பல்பை உடைத்து அடியில் உள்ள உலோகத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடை வாசலில் போட்டு எரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

கணக்குப்பிள்ளை

மூஞ்சிக்கல் விவரம் எனக்கு இதுவரை தெரியாது. பாதரசத்தைப் பொறுத்தவரை என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தானா? அதைக் கடையில்தானே கொடுக்கிறோம்?

கம்பியும் விளக்கும்

மின்பணி செய்பவன் நான். 22 ஆண்டுகளாக வீடு வீடாக டியூப் லைட் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

இன்வெர்ட்டர், கார் பேட்டரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள். அந்த விலைத் தள்ளுபடி இருப்பதால்தான் எந்த வீட்டுக் குப்பையிலும் கார் பேட்டரியை நீங்கள் பார்ப்பதில்லை. நீலகிரி மாவட்டத்தில் 2022இல் மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டோரம் கிடந்த பாட்டில்கள் கடைக்கு வர ஆரம்பித்தன. ஆனால் பழைய பேட்டரியை ரசீது தரும் கடையில் கொடுங்கள். குறைவான விலை பேசும் இடத்தில் கொடுத்தால், அந்த ஈயம் ஏதோ ஒரு புறநகர்க் கொட்டகையில் திறந்த அடுப்பில் உருகும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதைச் சுவாசிக்கும்.

டியூப் லைட்டுக்கு வருகிறேன். ஒரு சி.எஃப்.எல். பல்பில் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானியில் அரை கிராமுக்கு மேல் இருக்கும், அதாவது நூறு பல்புகளில் உள்ள அளவு. ஆகவே ஒரு பல்பு உடைந்துவிட்டால் பதற வேண்டாம்; அதற்காக அலட்சியமும் வேண்டாம். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். துடைப்பம் போடக் கூடாது, வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, இரண்டும் பாதரசத்தைக் காற்றில் கிளப்பிவிடும். கெட்டி அட்டையால் வாரி, மிஞ்சிய துகளைச் செலோ டேப்பில் ஒற்றி எடுத்து, ஈரத் தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் போட்டு மூடுங்கள். வெப்பமானி உடைந்து உருளும் மணிகளுக்கும் இதே முறைதான். உருண்டு ஓடும் மணிகளைச் சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

முழு டியூப் லைட்டாக இருந்தால் அது வந்த அட்டை உறையிலேயே இருக்கட்டும். உறை இல்லையென்றால் செய்தித்தாளில் சுற்றி, நான்கைந்தை ஒன்றாகக் கட்டி, நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். இனி வாங்குவது எல்.இ.டி. ஆக இருக்கட்டும், அதில் பாதரசம் கிடையாது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின்படி 2027-க்குள் பாதரச டியூப் லைட் உற்பத்தியையே உலக நாடுகள் நிறுத்தப்போகின்றன. ஆகவே இப்போது பரணில் இருப்பவைதாம் கடைசித் தொகுதி. இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒழுங்காகச் சேகரித்துவிட்டால் இந்த வேலை ஒரேயடியாக முடிந்துவிடும்.

இன்னொன்று, எழுத மறந்துவிட்டேன். கைப்பேசி, பவர் பேங்க், பொம்மைக் கார் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரிகளின் இரு முனைகளிலும் டேப் ஒட்டிய பிறகே பெட்டியில் போடச் சொல்லுங்கள். உப்பியிருந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல், மணல் நிரப்பிய தகர டப்பாவில் தனியாக வையுங்கள். குப்பை வண்டியின் அழுத்தத்தில் நசுங்கினால் இவை தீப்பிடிக்கும். பல பேட்டரிகளின் மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். பொதுக் குப்பையில் போடாதே என்பதே அதன் பொருள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள், தயாரித்தவரே திரும்பப் பெற வேண்டும் என்ற பொறுப்பைச் சுமத்தியிருக்கின்றன.

இரவுப்பணி

நான் செவிலியர். ஊசியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

செயலாளர் ஐயா அந்த அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது மிகச் சரியான செயல். ஊசி குத்தினால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பால் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் இருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடு இருக்கும், ஆனால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. உங்கள் சங்கம் சேகரிப்பு நாளுக்குச் செலவிடும் முதல் பணம், உங்கள் தெருவுக்கு வரும் பணியாளர்களுக்கு அந்தத் தடுப்பூசியின் மூன்று தவணைகளும் போடப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டு, இல்லையென்றால் போடச் செய்வதற்காக இருக்கட்டும்.

வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள், கழிவறை சுத்தம் செய்யும் திரவம் வரும் கெட்டியான பாட்டிலை நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி அதைத் துளைத்து வெளியே வரும். போட்டு முடித்தவுடன், மூடியை மீண்டும் மாட்ட முயலாமல், ஊசியை நேராகப் பாட்டிலுக்குள் விடுங்கள். மூடியை மாட்டப் போய்த்தான் வீட்டிலுள்ளவர்களே குத்திக்கொள்கிறார்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் "ஊசி" என்று எழுதிவிடுங்கள். சர்க்கரை அளவு பார்க்கும் சிறு ஊசிகளுக்கும் இதே முறைதான்.

மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டுவது பலருடைய வழக்கம். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் அப்படிச் சாக்கடைக்குப் போனால், அங்குள்ள கிருமிகள் அந்த மருந்துக்கே பழகிவிடுகின்றன. மருந்து வேலை செய்யாத தொற்றோடு வரும் நோயாளிகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். இதில் ஒரு விலக்கு உண்டு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஃபென்டனில், டிரமடால் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும், வீட்டில் குழந்தைகளோ மற்றவர்களோ தவறி உட்கொண்டால் ஒரே அளவில் உயிர் போகக்கூடும் என்பதால், கழிப்பறையில் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறது. புற்றுநோய் வலிக்காக இவற்றை வைத்திருந்த வீடுகளில் இது தெரிந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் சேகரிப்புதான் வழி.

அதற்குக் கேரளத்தைப் பாருங்கள். 2019இல் திருவனந்தபுரத்தில் மருந்துக் கடைக்காரர் சங்கத்தோடு சேர்ந்து பழைய மருந்துகளைக் கடைகளிலேயே திரும்பப் பெறத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அதை விரிவாக்கி, கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் முதலில் நடத்தியது. வீடு வீடாகவும் வாங்குகிறார்கள், பெட்டியும் வைக்கிறார்கள். சேர்ந்ததை எரிப்பதற்குக் கொச்சிக்கு அருகிலுள்ள நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மருந்து வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுப்பது எவ்வளவு இயல்பானது! நம் தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

சேகரிக்கும்போது மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையோடு இருந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும். மருத்துவச் சீட்டிலும் பாட்டிலிலும் உள்ள நோயாளியின் பெயரை மட்டும் மையால் அழித்துவிடுங்கள்.

அகிலாண்டம் வீடு

ஒரு சிறு சந்தேகம். எங்கள் பகுதியில் மிதிவண்டியில் வந்து பினாயிலும் ஆசிட்டும் விற்கிறார்கள். பழைய தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றித் தருகிறார்கள். மாமனார் வாங்கி வைத்த மூன்று பாட்டில்கள் இருக்கின்றன. எது ஆசிட், எது பிளீச்சிங் கரைசல் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. சேகரிப்பு நாளில் கொண்டுவரலாமா? மூன்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கொண்டுவந்தால் தூக்க வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரவுப்பணி

அம்மா, தயவுசெய்து ஒன்றோடொன்றைச் சேர்க்காதீர்கள். பிளீச்சிங் கரைசலும் கழிவறை ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் இதைக் கலந்து, மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பாட்டில்களையும் மூடி திறக்காமல், தனித்தனி வாளிகளில் நிமிர்த்தி வைத்து, "தெரியாத திரவம்" என்று எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

பழைய ஆய்வாளர்

அகிலாண்டம் அம்மாவின் கேள்வி மிக முக்கியமான இடத்தைத் தொட்டிருக்கிறது. சேகரிப்பு நாளில் தொண்டர்கள் செய்யக் கூடாத முதல் வேலை, திரவங்களை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. எப்படி வந்ததோ அப்படியே, அந்தப் பாட்டிலோடு போக வேண்டும். பெயர் தெரியாத திரவத்தை நீங்கள் வாங்காமல், வீட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, மையத்தின் பணியாளரை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பெயிண்டைப் பொறுத்தவரை, மிச்சம் இருப்பது நல்ல நிலையில் இருந்தால் அது கழிவே இல்லை. பக்கத்து வீட்டு மதில் சுவருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அடிக்கக் கொடுங்கள். ஆனால் 2017 நவம்பருக்கு முன் வாங்கிய எனாமல் பெயிண்ட் என்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை வெயில் படாத இடத்தில் தனியாக வையுங்கள். அதே மேசையில் பேட்டரியை வைக்காதீர்கள்.

எரிப்பதைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து பல நாட்கள் அணையவில்லை. மடிப்பாக்கத்தில் இருக்கும் செயலாளர் ஐயாவுக்கு அந்தப் புகை நினைவிருக்கும். பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது சேர்ந்ததும் அதே ஆண்டுதான். அந்த மேட்டில் நம் வீட்டு பேட்டரியும் இருந்திருக்கும், நம் வீட்டுப் பூச்சிமருந்து டப்பாவும் இருந்திருக்கும்.

மூன்றாம் தளம்

எல்லோருக்கும் நன்றி. முதல் சேகரிப்பு நாள் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்து முடிந்தது. நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரியாக நடக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு வாகனம் நிறுத்துமிடத்தில் நான்கு மேசைகள் போட்டோம். ஒன்பது மணி வரை யாரும் வரவில்லை. பிறகு ஒருவர் டியூப் லைட்டோடு படியிறங்கியதைப் பார்த்ததும் வரிசை கூடிவிட்டது. 31 வீடுகளிலிருந்து பொருள்கள் வந்தன. மருந்து மட்டும் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள் நிறைந்தன. மாமியாருடைய மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்த அம்மையார் அதை மேசையில் வைத்த பிறகும் கைப்பிடியை விடாமல் சற்று நேரம் நின்றார். நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

தவறு பதினொரு மணிக்கு நடந்தது. பொருள்களை எடுத்துச் செல்ல ஒப்புக்கொண்டிருந்த சேகரிப்பு நிறுவனத்தின் வண்டியில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கையில் கையுறை இல்லை. நாங்கள் நிமிர்த்திக் கட்டி வைத்திருந்த டியூப் லைட்டுகளை ஒரு சாக்கில் போட்டு, வாயைக் கட்டுவதற்காகக் காலால் மிதித்தார்கள். படபடவென்று உடைந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி, இவை எங்கே போகின்றன என்று கேட்டேன். "குடோனுக்கு" என்றார்கள். எந்த குடோன், அங்கிருந்து எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிச் சான்றைக் காட்டச் சொன்னபோது தொலைபேசியில் யாரையோ அழைத்தார்கள். எதிர்முனையில் பதில் இல்லை. கொடைக்கானல் நண்பர் எழுதிய மூஞ்சிக்கல் கடைதான் என் கண் முன்னால் வந்தது. எல்லாவற்றையும் இறக்கி வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பினோம். உடைந்த டியூப் லைட்டுகளைக் கம்பி நண்பர் சொன்ன முறையில் அள்ளி, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் அடைத்தோம்.

எங்கள் பிழை இதில் தெளிவாக இருக்கிறது. வாங்குவதற்கு நான்கு மேசை போட்ட நாங்கள், கொடுக்கும் இடத்தை ஒரு தொலைபேசி அழைப்போடு விட்டுவிட்டோம். போய்ச் சேரும் இடத்தை முதலில் உறுதி செய்த பிறகுதான் நாளையே குறித்திருக்க வேண்டும். இதைத் தொடங்க நினைக்கும் மற்ற சங்கங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

மறுநாள் மண்டல அலுவலகத்துக்குப் போனோம். ஆய்வாளர் ஐயா சொன்னபடி 20 சதுர கிலோமீட்டர் விதியைக் குறிப்பிட்டு எழுதிய மனுவைக் கொடுத்தோம். அங்கிருந்த பொறியாளர் பொறுமையாகப் படித்தார். மாநகராட்சி 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் பழைய சோபா, மெத்தை, மின்னணுக் கழிவுகளை வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வதையும், 1913 என்ற எண்ணில் பதிவு செய்யலாம் என்பதையும் நினைவூட்டினார். மின்னணுப் பொருள்கள் அந்த வழியில் போய்விட்டன. விளக்குகளையும் மருந்துகளையும் அபாயக் கழிவாகத் தனியாக எடுத்துக்கொள்ள ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஒப்படைக்கும்போது வகையும் எடையும் எழுதிய ரசீது தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஊசிப் பாட்டில்களை மட்டும், எங்கள் குடியிருப்பில் மருத்துவராக இருக்கும் ஒருவர், தம் மருத்துவமனையின் மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்ப நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெற்றிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை

ரசீது கிடைத்தால் அதன் படியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள் ஐயா. கொடுத்த பொருள் எங்கே போயிற்று என்று தெரிந்தால் அடுத்த முறை மீதி 17 வீடுகளும் வரும். எங்கள் தெருவிலும் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பதிவேடு எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

மூன்றாம் தளம்

ரசீது நேற்று வந்தது, இன்று காலை மின்தூக்கிக்கு அருகில் ஒட்டிவிட்டோம்.

இன்னொரு செய்தி. விரலில் ஊசி குத்திய அந்த அம்மாவுக்கு முதல் கட்டப் பரிசோதனைகள் அனைத்தும் நலம் என்று வந்துவிட்டன. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையும் போட்டாயிற்று. கனமான ரப்பர் கையுறை இரண்டு இணை வாங்கிக் கொடுத்தோம். இன்று வண்டியோடு வந்தவர், ஒட்டியிருந்த ரசீதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சற்றுத் தயங்கி நின்றார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே, அவருடைய கணவரின் காலாவதியான காசநோய் மாத்திரை அட்டைகளும் உடையாத ஒரு பாதரச வெப்பமானியும் இருந்தன. "எங்க வீட்டுதையும் இதோட சேத்துக்குவீங்களா சார்?" என்று கேட்டார்.

அவர் குடியிருப்பது கண்ணகி நகரில். தினமும் எங்கள் தெருவின் குப்பையை எடுக்கும் அவர் வீட்டுக்கு இந்தக் கழிவைக் கேட்டு யாரும் வந்ததில்லை. பையை வாங்கி, பதிவேட்டில் 32ஆவது வீடாக எழுதிக்கொண்டோம். அடுத்த சேகரிப்பு நாளில் ஒரு மேசையை அவருடைய குடியிருப்பிலும் போடுவதற்கு அங்குள்ள மகளிர் குழுவினரோடு வரும் சனிக்கிழமை பேசப்போகிறோம். செவிலியர் அம்மாவும் கம்பி நண்பரும் அன்று மாலை நான்கு மணிக்கு வர இயலுமா?

கம்பியும் விளக்கும்

வருகிறேன் ஐயா. டியூப் லைட் வைக்க நீளமான அட்டைப் பெட்டிகள் என்னிடம் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.

இரவுப்பணி

அன்று எனக்குப் பகல் ஓய்வு. வருகிறேன். கழுவிய கெட்டிப் பாட்டில்கள் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் சேர்த்து வையுங்கள். அங்கே இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு வரலாம்.